கூடத்தில் பெய்த மழை

தமயந்தி ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கென்று வடக்கே ரயிலேறிப் போன தை மாதத்தில், நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவள் தொலைபேசியில் சொன்னதற்கு மறுநாள் விடியலில், கல்லேரிப்பேட்டை மேட்டுத் தெருவில் இருந்த அவள் வீட்டுக் கூடத்தில் பனி இறங்கியது. வாசல் தெளிக்க எழுந்த அம்மா குணவதி விளக்கைப் போட்டபோது மின்விசிறிக்குக் கீழே வெள்ளையாக என்னவோ மிதப்பதைப் பார்த்து, பக்கத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள்; சாத்திய பிறகுதான் அது புகையில்லை என்பதும், தன் பற்கள் கிட்டிக்கொண்டிருக்கின்றன என்பதும், சிமெண்டுத் தரையில் பாதம் வைக்க முடியவில்லை என்பதும் அவளுக்கு உறைத்தது. டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் வரதன் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தான், மேலே பார்த்தான், கீழே பார்த்தான், வாசற்படியைத் தாண்டித் தெருவில் ஒரு காலை வைத்தான், உள்ளே இழுத்துக்கொண்டான், மறுபடியும் வைத்துப் பார்த்தான். படிக்கு அந்தப் பக்கம் கல்லேரிப்பேட்டை. இந்தப் பக்கம் வேறு ஏதோ ஊர்.

"இன்னாடி இது?"

"எனக்கு இன்னா தெரியும்? டீ போடறேன், குடிச்சிட்டு டூட்டிக்குக் கெளம்புங்க."

கல்லேரிப்பேட்டையைச் சுற்றி நாலாபக்கமும் மரமில்லாத பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு அதை ஊர்மேல் துப்புகிற குன்றுகள். அந்த ஊரில் பிறந்தவர்கள் குளிரை ஐஸ்கட்டியில் தொட்டிருப்பார்களே தவிர காற்றில் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில், வளையலும் ரிப்பனும் பொட்டும் விற்கிற ஒரு பெண்ணுக்கும் பஸ் ஓட்டுகிற ஒருவனுக்கும் பிறந்த தமயந்தி, கல்லூரி என்.சி.சி. முகாமில் ஒருநாள் தன் ஒரு சொல்லுக்கு நூறு பிள்ளைகள் ஒரே காலைத் தூக்கி ஒரே காலை வைப்பதைக் கேட்டாள், அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அவளுக்கு வேறு எந்த வேலையும் வேலையாகத் தோன்றவில்லை, பரீட்சை எழுதினாள், நேர்முகத்துக்குப் போனாள், தோற்றாள், மறுபடியும் போனாள், ஜெயித்தாள். வேண்டாம் கண்ணு என்று வரதன் சொன்னதற்கு, "நைனா, நீ பஸ்ஸ நிறுத்துனா நாப்பது பேரு நிக்கறாங்க இல்ல, அந்த மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பயிற்சிக் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொலைபேசியைக் கையில் கொடுப்பார்கள். முதல் ஞாயிறு அவள் பேசியபோது குணவதி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்றெல்லாம் கேட்கவில்லை.

"காலைல ஒரே பனியா, தமா?"

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"நம்ம கூடத்துல எறங்குது."

"அப்டியா?" என்றாள் தமயந்தி, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதைக் கேட்டதுபோல. "அப்போ நைனாவ ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கச் சொல்லு. இது சும்மா ஆரம்பம்தானாம். இன்னும் வருமாம்."

வந்தது. மாசியில் மழை வந்தது. கூரைத் தளத்துக்கு ஒரு சாண் கீழே எங்கிருந்தோ பிறந்து, தொலைக்காட்சிப் பெட்டிமேலும் அலமாரிமேலும் சாமி படங்கள்மேலும் பெய்து, வாசற்படி வழியாகத் தெருவில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே வெயிலில் காய்ந்து போனது. குணவதி வளையல் பெட்டிகளை நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள், கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்தாள், அரிசிப் பானைக்கு லாரித் தார்ப்பாயில் தொப்பி தைத்துப் போட்டாள், சுவரில் பாசி பிடித்ததைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்து பிறகு அதையே பச்சைப் பெயிண்ட் என்று வைத்துக்கொண்டாள். நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் குழாய்களைத் தட்டிப் பார்த்தார், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார், எங்கள் தண்ணீராக இருந்தால் உப்புக் கரிக்கும், இது இனிக்கிறது, ஆகவே இது எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில் பூசாரி வந்து பார்த்துத் தேங்காய் உடைத்தார், பள்ளிவாசல் தெரு பாய் வந்து பார்த்து ஓதி ஊதினார், இருவரும் வெளியே வந்து, உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அது எந்தக் குளிர் என்று தெருவுக்கு விளக்கியவர் ஜெகதீசன். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து, மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். காலையில் கூடத்துக்குள் வந்து நின்று மூக்கை உறிஞ்சுவார். "ஓட வுட்றாங்க அண்ணி, இது ஓட விடற நேரத்துப் பனி" என்பார். மழை சாய்வாக அடித்தால், "முதுகுல மூட்டைய ஏத்தி மலைமேல அனுப்பிட்டானுங்க" என்பார். ஒருநாள் மழை கூடத்தின் நடுவில் மட்டும் அசையாமல் மணிக்கணக்கில் பெய்தபோது அவர் எதுவும் சொல்லாமல் போகப் பார்த்தார், குணவதி விடவில்லை. "தண்டனை அண்ணி. பொண்ணு என்னவோ தப்பு பண்ணியிருக்குது. நிக்க வெச்சிருக்காங்க." அதைக் கேட்டதும் குணவதி அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அந்த மழைக்குள் மகள் நிற்கும் இடம் என்று தனக்குத் தோன்றிய இடத்துக்குப் பக்கத்தில், கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மழை விடும்வரை நின்றாள்.

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் தொடங்கியபோது கல்லேரிப்பேட்டை வாணலியில் போட்ட கடலையாக வெடித்தது, தார்ச்சாலையில் செருப்பு ஒட்டியது, மின்சாரம் போய்ப் போய் வந்தது, அப்போதுதான் தெரு அந்த வீட்டைக் கண்டுபிடித்தது. முதலில் பூக்காரி சாலம்மா வந்தாள். ஒரு கூடை மல்லியை ஓரமாக வைத்துக்கொள்ளலாமா அக்கா என்று கேட்டாள், மறுநாள் சாயங்காலம் வரை அது மொக்காகவே இருந்ததைப் பார்த்து மூன்று கூடைகளாகக் கொண்டுவந்தாள். பிறகு எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள், பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு வெயில் தாங்காத வயசானவர்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள், சும்மா உட்கார வந்தவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் காலைத் துடைத்துக்கொண்டு, தமயந்தியின் புகைப்படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லது சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தமயந்தி மேட்டுத் தெருவின் பெண்ணாகிப் போனாள். தெரு முனையில் அவள் தொப்பியணிந்த படத்தோடு, எங்கள் வீட்டு அதிகாரி என்று எழுதிப் பெரிய பேனர் வைத்தார்கள். காற்று பலமாக அடித்து மழை கல்லாய் விழுகிற நாட்களில், "ஐயோ பாவம், இன்னைக்கு ரொம்ப வாட்டுறானுங்க கொழந்தைய" என்று சொல்லி உச்சுக்கொட்டிக் கம்பளியையும் அதன்மேல் தார்ப்பாயையும் இழுத்துவிட்டுக்கொண்டு சுகமாகக் கண்ணயர்ந்தார்கள்.

அந்த அக்கினி நட்சத்திரத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடம் கொள்ளாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, தமயந்தி பேசினாள்.

"அம்மா, எனக்கு முடியலம்மா."

குணவதி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் நான்கு பேர் இருந்தார்கள்.

"முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குது. டாக்டர் மாத்திரை குடுத்து அனுப்பிடறாரு. ராத்திரில படுக்க முடியல. எழுதிக் குடுத்துட்டா அனுப்பிடுவாங்கம்மா. வந்துடவா?"

வரதன் தொலைபேசியை வாங்கிக்கொண்டான். "வந்துடு கண்ணு. நைனா வந்து இட்டுக்கினு வரட்டா? நாளைக்கே கெளம்பறேன்."

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. சாலம்மா கூடையிலிருந்த ஈரத் துணியைச் சரிசெய்தாள், எதிர்வீட்டுக்காரி தூங்குகிற குழந்தையை மார்போடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள், வாசற்படிக்கு வெளியே தெரு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. குணவதி தொலைபேசியைக் கணவன் கையிலிருந்து வாங்கினாள்.

"தமா, இவ்ளோ தூரம் வந்துட்ட. இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கினு இரு. ஊரே உன்னப் பத்திப் பேசுது."

"சரிம்மா," என்றாள் தமயந்தி.

அந்தச் 'சரி'யில் ஒன்றுமே இல்லை, கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, அதைக் கேட்ட குணவதிக்கு இன்னொரு முறை கூப்பிட வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனால் தொலைபேசியை அங்கே திரும்ப வாங்கி வைத்துவிட்டார்கள். தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் பிற்பாடு யோசித்துப் பார்த்தாள். மகள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா, பேனருக்காகவா, வேர்க்குரு ஆறித் தூங்கிய அந்தக் குழந்தைக்காகவா என்று எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் அவளால் பிரிக்க முடியவில்லை. கூடத்திலிருந்த ஜனங்களோ அன்று பெருமூச்சு விட்டார்கள், அப்பாடா என்றார்கள், உன்னை மாதிரி தைரியமான தாய் வேண்டும் என்றார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை, கூடத்தில் மழையும் காற்றும் ஒன்றாக இருந்தபோது, வரதனின் தொலைபேசியில் இந்தி பேசுகிற ஒரு குரல் வந்தது. அவனுக்குப் புரியவில்லை. ஜெகதீசனைக் கூட்டிவந்து கையில் கொடுத்தான். அவர் முதலில் சாதாரணமாகத்தான் பேசினார், பிறகு மழையில் விறைப்பாக நிமிர்ந்து நின்றார், அந்தப் பக்கம் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றார், முடிந்ததும் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்காமல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல வரதா. சுவர் ஏறி எறங்கற எடம் ஒண்ணு உண்டு. ஈரத்துல கை வழுக்கிக்கிச்சு. முதுகெலும்பு."

இருவரும் ரயிலேறிப் போனார்கள். அந்த மலை ஊரில் இறங்கியபோது பெய்துகொண்டிருந்த மழையை முகத்தில் வாங்கிய குணவதிக்கு அது புதிய மழையாக இல்லை; அதன் மணம், அது கழுத்துக்குள் இறங்குகிற விதம், அது வலுக்கும் முன் ஒரு மூச்சு நிற்கிற விதம் எல்லாம் தன் கூடத்தில் தினமும் பழகியதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தமயந்தி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொல் கேட்கவில்லை. இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்ன தமிழ் நர்ஸ், சொல்லி முடித்துவிட்டுக் குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி முடிக்க உடல் தகுதியில்லை என்று கழகம் தமயந்தியை விடுவித்தது. அவளோடு பயிற்சியில் இருந்த தோழிகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், நின்றுகொண்டே பேசினார்கள், ஓட வேண்டிய நேரம் வந்ததும் ஓடிப்போனார்கள்.

கார்த்திகையில் அவளை அழைத்துவந்தபோது மேட்டுத் தெரு முழுவதும் வெளியே நின்றது. யாருக்காகப் பெய்ததோ அவளே திரும்பி வந்துவிட்டதால் குளிர் போய்விடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சாலம்மா மரியாதைக்குக் கூடைகளை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சக்கர நாற்காலியை வரதனும் ஜெகதீசனும் தூக்கி வாசற்படிக்கு மேலே ஏற்றி உள்ளே வைத்தார்கள். பனி இருந்தது. போகவில்லை. அது அவளுக்காக வந்ததில்லை. அந்த இடத்தின் பனி அது, அவள் அங்கே இல்லை என்பது அதற்குத் தெரியாது. தமயந்தி கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வழியெல்லாம் பேசாமல் வந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"லேட்டாயிடுச்சும்மா. இந்நேரம் எல்லாரும் மைதானத்துக்கு எறங்கியிருப்பாங்க."

அதன்பிறகு தெரு வருவதைக் குறைத்துக்கொண்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் எதிரே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை, உட்கார்ந்தாலும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எதிர்வீட்டுக் குழந்தை தவழத் தொடங்கியதும் அதன் தாய் கதவைச் சாத்தி வைத்தாள். பேனரைக் கழற்ற யாருக்கும் துணிவு வரவில்லை, வைத்திருக்கவும் மனமில்லை, ஒரு புயல் மழையில் அது தானாகவே கிழிந்து விழுந்தபோது எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது. ஜெகதீசன் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குப் போய், நம் தெருப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நல்ல மனிதர்கள்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். "தோள்ல நட்சத்திரம் ஏறினாத்தாம்பா அதிகாரி. ஏறறதுக்கு முன்னாடி விழுந்துட்டா நாம எப்டி சேத்துக்கறது?" அவர் அதை வரதனிடம் சொல்லவில்லை. வரதன் கேட்கவும் இல்லை.

குணவதி அந்தக் குளிரோடு சண்டை போட்டாள். கரியடுப்பு மூட்டி வைத்தாள், அணைந்தது. சுவர் விரிசல்களிலெல்லாம் சிமெண்டு பூசினாள். மழை அதற்கும் இந்தப் பக்கம் பெய்தது. வரதன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேறு வீடு பார்த்தான். படியில்லாத வீடு, நாற்காலி சுலபமாக உருளுகிற வீடு, எல்லா வீட்டையும் போல வேகிற வீடு.

"நான் வரல நைனா."

"ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும் கண்ணு? நேத்துகூட ஜொரம்."

"இங்கதான் இருக்கணும். அவங்க எல்லாம் இப்போ மேல முகாம்ல இருக்காங்க. பனி ஒறையுது பாரு."

காற்று திரும்பும் திசையைப் பார்த்து அவள் எழுந்தாள், திரும்பும் திசையைப் பார்த்துச் சாப்பிட்டாள், பனி விலகும்போது படுத்தாள். அரசு ஆஸ்பத்திரியில் கைகளுக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுக்கிறேன் என்று சொன்ன பெண்ணிடம் ஒருநாளும் போகவில்லை. கம்ப்யூட்டர் வேலை ஒன்று வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கல்லூரித் தோழி சொல்லி அனுப்பியதற்குப் பதில் சொல்லவில்லை. குணவதி அவளைக் குளிப்பாட்டும்போது, முதுகில் தழும்புக்குப் பக்கத்தில் கை போகும்போதெல்லாம் நின்று, நீ சொல்லித்தானே இருந்தேன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தாள். தமயந்தி கேட்கவில்லை. தண்ணீர் ஆறிப்போகும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. தமயந்தி விடியும் முன்பே அம்மாவை எழுப்பி, வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னாள், தலையை இறுக்கிக் கொண்டை போடச் சொன்னாள், நாற்காலியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கூரைக்கு ஒரு சாண் கீழே மெல்லிய மழை பிடித்தது. அங்கே அவளுடைய கூட்டத்தார் பயிற்சி முடித்து அணிவகுத்து நடக்கிற நாள் அது. வாத்தியம் கேட்கவில்லை, பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு வானம் மட்டும்தான் வரும். விஷயம் ஜெகதீசன் மூலம் தெருவுக்குத் தெரிந்து, ஒவ்வொருவராக வந்து வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். ஒருவரும் படியைத் தாண்டவில்லை.

குணவதி குடையை விரித்து மகள் தலைமேல் பிடித்தாள்.

"மடக்கும்மா. பரேடுல யாரும் குடை பிடிக்க மாட்டாங்க."

மடக்கினாள். தமயந்தி இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள், மழை கொண்டையிலிருந்து இறங்கிக் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போயிற்று, கைகள் முழங்கால்மேல் முஷ்டியாக இருந்தன, அசையாத தொடைகளிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஓடியது. வாசலில் ஜெகதீசனின் வலது கை நெற்றியை நோக்கிப் பாதி எழுந்தது. யாருக்கு வைக்கிறோம் என்று தெரியாமல் அப்படியே இறங்கியது.

நேரம் போயிற்று. காற்று ஒருமுறை திரும்பியது.

"இப்போ பெத்தவங்களக் கூப்புடுவாங்க," என்றாள் தமயந்தி. "தோள்ல நட்சத்திரம் வெக்கறதுக்கு."

வரதன் வந்து அவளுடைய வலப்பக்கம் நின்றான். குணவதி இடப்பக்கம் நின்றாள். இருவருக்கும் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வரதன் இரண்டு விரல்களால் அவள் சட்டைத் தோளைத் தொட்டு, சுருக்கமில்லாத துணியைச் சுருக்கம் நீவுவதுபோல் நீவினான், நீவிக்கொண்டே இருந்தான். குணவதி தோளைத் தொடவில்லை. அவள் குனிந்து மகள் காதருகில், கூடத்தில் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னாள்.

"வந்துடு தமா."

தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை. "முடிஞ்சிடுச்சும்மா. கலைஞ்சி போறாங்க."

மழை நின்றது. நின்றதோடு குளிரும் வாசற்படி வழியாக இறங்கிப் போனது, அது போன வழியாகவே மார்கழியிலும் ஆறாத கல்லேரிப்பேட்டையின் மத்தியான வெக்கை உள்ளே வந்தது, சுவர்களிலிருந்தும் கட்டிலிலிருந்தும் தமயந்தியின் சட்டையிலிருந்தும் ஆவி கிளம்பியது. வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரதன் மின்விசிறியைப் போட்டான். அது ஒரு வருஷத்துக்குப் பிறகு முனகிக்கொண்டு சுற்றியது. குணவதி துண்டை எடுத்துவந்து மகளின் கொண்டையை அவிழ்த்துத் துவட்டினாள், துவட்டத் துவட்ட அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, போய்விட்டது, சனியன் ஒழிந்துவிட்டது, நாளைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், தோழிக்குப் போன் பண்ணலாம், வளையல் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

தமயந்தி தலையை அம்மாவின் கைக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ லீவும்மா," என்றாள். "அடுத்த பேட்ச் தையில வரும்."

குணவதியின் கை நின்றது. தெருவிலிருந்து ஆட்கள் கலைந்து போனார்கள். இரண்டு வாரம் அந்த வீடு எல்லா வீட்டையும் போல வெந்தது. அந்த நாட்களில் தமயந்தி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள், அம்மா ஊட்டியதைத் தின்றாள், பேசவில்லை. தை பிறந்த ஒரு விடியலில் குணவதி பற்கள் கிட்டி விழித்தாள். கூடம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. தமயந்தி எப்போது எழுந்தாளோ தெரியவில்லை. இரண்டு கைகளாலும் ஊன்றித் தானாகவே நாற்காலியில் ஏறி, பனியின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகமே அறியாத யார் யாருக்கோ மெல்லிய குரலில் இடது வலது சொல்லிக்கொண்டிருந்தாள்.